மதினி, உங்கள் செல்களை மறுபடி அளந்தோம்

உலகத்தில் என்னைக் கோமு என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் ரஞ்சிதம் மதினிக்கு,

இதை எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாகவே நாட்கள் போய்விட்டன. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆய்வுகூடத்தின் நடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தார்கள். இப்போது கேட்பதை விட்டுவிட்டு எனக்கு வழி விட்டு நடக்கிறார்கள். உங்களிடம் சொல்லாமல் இது அடங்காது என்று தெரிந்துவிட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உங்கள் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுகிறார்கள். நல்ல பிள்ளைதான், மெதுவாகப் பேசுகிறாள். உங்கள் குரல் ரோட்டு வரைக்கும் கேட்கும். அவள் குரல் தொட்டிலுக்கே எட்டாது. பிள்ளைகள் அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்வி.

அண்ணனைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அங்கே வர எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

உங்களுக்கு முதலில் வந்தது களைப்புத்தான். பிறகு கையிலும் காலிலும் ஊதா நிறத்தில் கன்றிப்போன திட்டுகள். "புள்ளைங்க பிடிச்சு இழுத்தது" என்று சிரித்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணன்தான் முதலில் சொன்னார். நீங்கள் "மாத்துக்கு ஆள் வரட்டும்ங்க, புள்ளைகள யாருகிட்ட விடுறது?" என்றீர்கள். ஆள் வந்தபோது அண்ணன் "பஸ்ஸுக்கு வேற டிரைவர் கெடைக்கட்டும், லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். இப்படியே வாரங்கள் ஓடின. கடைசியில் போனபோது இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்த வாரங்கள் அண்ணனின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டன. உங்களுக்குத் தெரியும்.

மாத்தளை ஆஸ்பத்திரி வார்டில் உங்கள் எலும்பு மஜ்ஜையை எடுத்த நாள் நினைவிருக்கிறதா? நோயைக் கண்டறிய எடுப்பதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கும் தர விருப்பமா என்று டாக்டர் கேட்டார். அது போய்ச் சேரப்போவது கண்டிப் பக்கத்திலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு என்று தெரிந்ததும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"என்னத்தடி பாப்பீங்க அதுல?"

நான் சொன்னேன். உடம்பிலுள்ள எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன, கண்ணிலும் அதே, காலிலும் அதே. எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வேலை செய்கிற மரபணு தன் செய்தியைப் பிரதி எடுத்து வெளியே அனுப்பும். அந்தப் பிரதிகளை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துத் தனித்தனியே எண்ணுகிறோம்.

"ஒட்டுக் கேக்கிற வேலைன்னு சொல்லு" என்றீர்கள்.

பக்கத்துக் கட்டில்காரப் பெண் கூடச் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"எண்ணுறதுல பெசகாதா?"

"பெசகும் மதினி. அதச் சரி பண்றதுதான் என் வேலையே."

"அப்ப சரி, எடுத்துக்கங்க. ஒழுங்கா எண்ணுங்க."

அன்று பிற்பகலில் மழை பிடித்தது. நான் கண்டிக்குத் திரும்பும் வழியில் மண் சரிந்து, ஒரு மரமும் சாய்ந்து, ரோடு மூடிக் கிடந்தது. பஸ், லொறி, வேன் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. நானும் ஒரு பஸ்ஸுக்குள் சன்னலைச் சாத்திக்கொண்டு, உங்களையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகுதான் வழி திறந்தது.

பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. நன்றாகிவிட்டது என்றார்கள். தோட்டத்துக்குத் திரும்பி, லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசினீர்கள். அந்தச் சில மாதங்கள் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் அசட்டையாகச் சந்தோஷமாக இருந்தோம். பிறகு நோய் திரும்பியது. இரண்டாம் முறை அது யாருக்கும் அவகாசம் தரவில்லை.

நீங்கள் போன பிறகு அண்ணன் பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை. பேசினால் ஒரே வாக்கியம்தான் வரும். "நான்தான் லேட்டாக்கிட்டேன்." உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, யாரைக் காட்டி அவரை எழுப்புவது? நான் சனி ஞாயிறுகளில் மலையேறிப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் போகும்போது அது அப்படியே கெட்டுப்போய் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் உங்கள் செல்களின் அளவீடு வந்து சேர்ந்தது. பல நோயாளிகளின் செல்களை நாங்கள் அளந்திருந்தோம். உங்கள் செல்களில் மட்டும் ஒரு தனிக் கூட்டம் இருந்தது. மருந்துக்கு அசையாத செல்களில் எந்த மரபணுக்கள் கிளம்பும் என்று எதிர்பார்ப்போமோ, அவற்றில் சில அந்தக் கூட்டத்தில் உச்சத்தில் இருந்தன. அத்தனை பேரில் நோய் வேகமாகத் திரும்பியதும் உங்களுக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் ஒரே முடிவுதான் வரும். மருந்து கேட்காத செல்கள் ஆரம்பத்திலேயே உங்களுக்குள் ஒளிந்திருந்தன.

எங்கள் பேராசிரியர் நல்ல மனுஷர். அண்ணனின் நிலையை என் மூலம் அறிந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு எல்கடுவ வரைக்கும் வந்து, லயத்தின் உள்ளே பாயில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். "உங்கள் மனைவிக்கு வந்தது ஆரம்பத்திலிருந்தே மருந்துக்குக் கட்டுப்படாத வகை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். உங்கள் மேல் தவறில்லை."

அண்ணன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அவருக்குத் தன் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே பஸ்ஸை எடுத்தார். மாத்தளைக்கும் நாவுலவுக்கும் இடையில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ! "ஆரம்பத்துலயே ஒளிஞ்சிருந்துச்சாம், எந்த டாக்டராலயும் முடியாதாம்" என்று என்னிடமே எனக்குத் தெரியாததைப் போலச் சொல்வார். சாப்பிடத் தொடங்கினார் மதினி. கன்னத்தில் சதை போட்டது.

இதை நான் அப்படியே விட்டிருக்கலாம், இல்லையா?

ஆனால் எண்ணிக்கையைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரு செல்லுக்குள் இருக்கும் செய்திகளில் கொஞ்சத்தைத்தான் எங்களால் பிடிக்க முடிகிறது. பிடிபடாததை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. வெடித்துப்போன செல்லின் செய்திகள் திரவத்தில் மிதந்து வேறொரு செல்லின் கணக்கில் ஏறிவிடும். செல்களைப் பிரிக்கும்போது ஒரு திரவத் துளிக்குள் ஒரு செல் போக வேண்டிய இடத்தில் இரண்டு மாட்டிக்கொண்டால், உலகத்தில் இல்லாத ஒரு கலப்புச் செல் கணினியில் பிறந்துவிடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். உங்கள் கூட்டம் கரையவில்லை. பேராசிரியர் மகிழ்ந்தார். எனக்கும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

ஒரு காலை அந்தக் கூட்டத்தின் மரபணுக்களை மட்டும் திரையில் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். மருந்து கேட்காத செல்லில் கிளம்பும் மரபணுக்கள்தான். ஆனால் அதே மரபணுக்கள் வேறொரு நேரத்திலும் கிளம்பும். செல்லை உடம்பிலிருந்து பிடுங்கி, குளிரிலும் சூட்டிலும் மாறி மாறிப் போட்டு, அலைக்கழித்தால் கிளம்பும். பயந்துபோன செல் போடுகிற கூச்சல் அது. உடனே அந்த மழை ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாகன வரிசையில் எங்கோதானே உங்கள் மஜ்ஜை இருந்த பெட்டியும் நின்றிருக்கும்? ஐஸ் எத்தனை நேரம் தாங்கியிருக்கும்?

பதிவேட்டைப் பார்த்தேன். பெட்டி அன்று இரவுதான் வந்திருந்தது. வந்து சேர்ந்தபோது செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார்கள். இருந்தன. அன்றைய வழக்கப்படி அது போதும். உயிரோடு இருந்த செல்கள் என்ன பாடு பட்டு வந்தன என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஆய்வுக் கட்டுரை இதழுக்கு அனுப்பத் தயாராக இருந்தது. "இந்தக் கூட்டத்தை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். பிறகு தானே, "சோதித்துப் பார்" என்றார். குரலில் பிடிவாதமும் இருந்தது, பயமும் இருந்தது.

நோய் இல்லாத ஒருவரின் இரத்தத்தை மாத்தளையில் எடுத்து, இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியைச் செல்களை அந்தக் கணத்திலேயே உறையவைக்கும் திரவத்தில் அங்கேயே போட்டுவிட வேண்டும். மற்றப் பாதி அன்று போலவே பெட்டியில் பயணம் செய்ய வேண்டும். முதலில் என் கையைத்தான் நீட்டினேன். திரும்பும்போது வெயில் கொளுத்தியது, ரோடு காலியாகக் கிடந்தது. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஐஸ் கரையும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்துக்கு மிஸ் இங்க காத்துக்கிட்டு இருக்கோம்?"

"மழை விடுறதுக்கு" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் ரேடியோவைப் போட்டார்.

ஒருத்தியின் இரத்தம் போதாது, இன்னும் சிலர் வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டே, "என் ரத்தம் ஒதவாதா?" என்றார். பயணத்தில் செல்கள் மாறுகின்றனவா என்று பார்க்கப்போகிறோம் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அது எந்தக் கதவைத் திறக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சோதனையில் ஒன்றும் வராமல் போகட்டும் என்று விஞ்ஞானம் படித்தவள் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

வந்தது மதினி. என் இரத்தத்தில் வந்தது, அண்ணன் இரத்தத்தில் வந்தது, கொடுத்த எல்லோர் இரத்தத்திலும் வந்தது. உடனே உறையவைத்த பாதிகள் அமைதியாக இருந்தன. பெட்டியில் வந்த பாதிகளில் அதே மரபணுக்கள் கூச்சல் போட்டன. உங்களுடையது மஜ்ஜை, எங்களுடையது இரத்தம். ஆனால் கூச்சல் ஒன்றே.

பேராசிரியர் திரையின் முன்னால் நின்றபடியே இருந்தார். பிறகு, "நானே போய் உன் அண்ணனிடம் சொல்லட்டுமா? நான்தானே அப்படிச் சொன்னேன்" என்றார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது. வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் வேண்டுமா? இதைத்தான் நடையில் நடந்து நடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டால் விஞ்ஞானத்துக்குப் போதும். ஒரு பஸ் டிரைவரின் நிம்மதியைக் கலைத்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் அவர் இரத்தம் கொடுத்தவர். போனில் அழைக்கும்போதெல்லாம் "என் ரத்தம் என்னா சொல்லுது?" என்று கேட்கிறவர். எத்தனை நாளைக்கு "இன்னும் முடியலண்ணே" என்பேன்? உங்களிடம் நான் பொய் சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தையிலேயே பிடித்திருப்பீர்கள். அவர் பிடிக்க மாட்டார், நம்பிவிடுவார். அதுதான் என்னைத் தின்றது.

மாத்தளையில் அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். ஓட்டுகிறவரிடம் பேச முடியாது. நாவுல வந்து ஆட்கள் இறங்கியதும், ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த கடையில் இரண்டு பிளேன்டீ சொன்னார். என் முகத்தைப் பார்த்தவுடனே கேட்டார்.

"என்னா, என் ரத்தத்துல ஏதாச்சும்?"

"ஒங்க ரத்தம் நல்லா இருக்குண்ணே."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மதினிகிட்ட ஒரு கூட்டம் இருந்துச்சுன்னு பேராசிரியர் சொன்னாருல்ல? ஒங்க ரத்தத்துல பெட்டியில வந்த பாதியிலயும் அது இருக்கு."

அவர் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

"அப்ப எனக்கும் அந்த நோவா?"

"இல்லண்ணே, இல்ல. என் ரத்தத்துலயும் இருக்கு. அது நோவே இல்ல. பெட்டியில ரொம்ப நேரம் கெடந்தா எல்லாரு செல்லும் அப்படித்தான் ஆகுது. மதினியோட பெட்டியும் அன்னைக்கு மழையில நடுரோட்டுல மாட்டிக்கிச்சு."

சொல்லி முடித்தேன். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. முதலில் தனக்கு நோய் இல்லை என்ற ஆறுதல் வந்தது. அது தங்கவில்லை. அதன் பின்னாலேயே மற்றது வந்தது.

"அப்ப மொதல்லயே ஒளிஞ்சிருந்துச்சுன்னு சொன்னாங்களே..."

"அத இனிமே சொல்ல முடியாதுண்ணே."

"இத ஏன் எங்கிட்ட சொன்ன?"

யாரும் குடிக்காத தேநீரைக் கடைக்காரர் எடுத்துப் போனார். அண்ணன் எழுந்து போய்ப் பஸ்ஸில் ஏறி என்ஜினைப் போட்டார். திரும்பிவர எனக்கும் வேறு வழியில்லை. அதே பஸ்ஸில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் கண்ணாடியில் என் பக்கம் பார்க்கவே இல்லை. பிரேக்கை மட்டும் வழக்கத்தைவிட அழுத்தி மிதித்தார். மாத்தளையில் முன்கதவால் இறங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒனக்கு இப்ப நிம்மதியா?"

அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. சனிக்கிழமை போனேன். கதவு பூட்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமையும் பூட்டியிருந்தது. பஸ் மட்டும் ஓடுகிறது என்று ஊரில் சொன்னார்கள். அது ஒன்றுதான் எனக்கு மூச்சு.

நான் வேலைக்குள் விழுந்தேன். கட்டுரையிலிருந்து அந்தக் கூட்டத்தை எடுத்தோம். மிஞ்சியது இன்னொரு கட்டுரை: அளக்கும் முன்பே செல் எப்படி மாறிவிடுகிறது, அதை எப்படித் தடுப்பது என்பது. இதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் இப்போது மலைநாட்டில் எந்த வார்டில் எங்களுக்காக மஜ்ஜை எடுத்தாலும், ஊசியிலிருந்து நேரே அந்த உறையவைக்கும் திரவத்துக்குள் போகிறது. அதற்குப் பிறகு ரோடு மூடினாலும் செல் கடைசியாக உடம்புக்குள் என்ன பேசிக்கொண்டிருந்ததோ அதையே வைத்திருக்கும். கூடவே, எத்தனை செய்தி இருக்கிறது என்று எங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கலவையையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து அளக்கிறோம். அதில் எவ்வளவு பிடிபட்டது என்று பார்த்தால், மற்றதில் எவ்வளவு நழுவியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

புதிய முறையில் முதலில் வந்தது வஹகோட்டையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மஜ்ஜை. வயதில் என்னைவிடச் சின்னவள். அன்றும் வேன் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அவள் செல்களில் அந்தக் கூச்சல் இல்லை. இருந்தது முழுவதும் அவளுடைய நோயின் பேச்சு மட்டும்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது மதினி. இதை உங்களுக்கு முன்னால் ஏன் செய்யவில்லை? யாரைக் கேட்பது? மழையையா?

உங்கள் மஜ்ஜையில் ஆழ்குளிரில் வைத்திருந்த கடைசிச் சிறு குப்பி ஒன்று மிச்சம் இருந்தது. அன்று பெட்டியில் வந்ததுதான், அதுவும் அலைக்கழிந்ததுதான். அதைத் தொடுவதா விடுவதா என்று தவித்தேன். தொட்டால் தீர்ந்துவிடும். பிறகு உங்களுடையது என்று உயிரோடு இருக்கும் எதுவும் இந்தப் பூமியில் மிஞ்சாது. ஆனால் நீங்கள் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை, எண்ணத்தான் கொடுத்தீர்கள். எங்கள் இரத்தங்களிலிருந்து பயணத்தின் கூச்சல் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். அதை உங்கள் அளவீட்டிலிருந்து கழித்தால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பேராசிரியர் சம்மதித்தார். அளந்தோம்.

அடியில் சில செல்கள் இருந்தன. மருந்தை எதிர்த்து நிற்கக்கூடியவை போல ஒரு சாயல். ஆனால் மிகச் சில. அவை நிஜமா, கழித்ததில் மிஞ்சிய கசடா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சில. வேறு வேறு வழியில் கழித்துப் பார்த்தேன். ஒரு வழியில் இருந்தன, இன்னொரு வழியில் காணாமல் போயின. குப்பி தீர்ந்துவிட்டது. இனி யாராலும் அதைச் சொல்ல முடியாது.

அந்த வாரத்தில்தான் ஒரு மதியம், வாசலில் ஆள் வந்திருக்கிறார் என்று கூப்பிட்டார்கள். அண்ணன். சவரம் செய்திருந்தார், மெலிந்திருந்தார். கையில் சோத்துப் பார்சல் இரண்டு. உள்ளே வரலாமா என்று கேட்டார். கூட்டிப்போனேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "காட்டு" என்றார்.

திரையில் புள்ளிகளைக் காட்டினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல் என்றேன். ஒரே மாதிரிப் பேசுகிற செல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்றேன்.

"இதுல எது அவ?"

"எல்லாமே அவங்கதாண்ணே."

அவர் முன்னால் குனிந்து பார்த்தார். கண்ணீர் விடுவார் என்று நினைத்தேன். இல்லை. கூட்ட நெரிசலில் ஒருவரைத் தேடுகிறவரைப் போல, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்வையை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். பிறகு, அந்தக் கேள்வியை இப்போதுதான் முதன்முதலாக என்னிடம் கேட்டார்.

"நான் சீக்கிரமா கூட்டிட்டுப் போயிருந்தா, பொழைச்சிருப்பாளா?"

"தெரியலண்ணே."

"நெசமாவே தெரியலயா? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

"நெசமாவே தெரியல. எல்லா வழியிலயும் பாத்துட்டேன். மருந்து கேக்காத செல்லு மொதல்லயே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பஸ்ஸில் பார்க்காத பார்வையெல்லாம் சேர்த்துப் பார்த்ததைப் போல இருந்தது.

"நாவுலயில நீ அத சொல்லாம இருந்திருந்தா, இப்ப நீ தெரியலன்னு சொல்றத நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "என் மனசுக்காகச் சொல்றன்னு நெனச்சிருப்பேன். இப்ப நம்புறேன்."

பிறகு பார்சலைப் பிரித்தார். என் பக்கம் ஒன்றைத் தள்ளினார். அவர் நிம்மதியாகிவிட்டார் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பேராசிரியர் சொன்ன நாளில் முகத்தில் வந்த வெளிச்சம் இப்போது இல்லை. ஆனால் "நான்தான் லேட்டாக்கிட்டேன்" என்று அவர் சொல்லிக் கேட்டு வெகு நாளாகிறது. ஒருமுறை பாதி சொல்லிவிட்டு, "தெரியாது, விடு" என்று தானே நிறுத்திக்கொண்டார். அந்தத் 'தெரியாது' அவருக்கு உட்கார இடம் கொடுத்திருக்கிறது. எனக்குத்தான் இன்னும் கொடுக்கவில்லை.

வஹகோட்டைப் பெண்ணுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய செல்களில் நாங்கள் கண்டதை டாக்டரிடம் கொடுத்தோம். அவர் அதை நம்புவதற்கு முன் வேறு முறையிலும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. முடிவு வரும்வரை நடையில் நடந்துகொண்டிருப்பேன்.

மதினி, இனி எந்த மலையிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும், எண்ணத் தொடங்கும் முன் அது எந்த வழியாக வந்தது என்று கேட்பேன். அழகாக ஒரு பதில் கிடைத்துவிட்டால், அன்றுதான் இன்னொரு முறை எண்ணுவேன். அந்தப் பதிலுக்காக எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் காத்திருப்பார், நாங்கள் சொன்னால் நம்பிவிடுவார். அவரிடம் தெரிந்ததை மட்டும் சொல்வேன். இது என் வாக்கு.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத,
உங்கள் நாத்தனார்
கோமு